ஆம்ப்பின் மேல் ஒரு நெயில் பாலிஷ் கோடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு ஹாலில் ஹெலிகாப்டர் இறங்கியது.

நிஜமாகத்தான் கண்ணுகளா! தடதடதடவென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையல் மேடையில் இருந்த டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்கா வெளியே ஓடிவந்து, வானத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

“ஏனுங்க மெர்சி... மந்திரி யாராச்சும் வாராங்களா?”

என் மனைவி மெர்சி வீட்டுக்குள் கையைக் காட்டினாள். “மந்திரியெல்லாம் இல்லீங்க்கா. எங்க ஊட்டுக்காரரு ஒரு பொட்டி வாங்கியாந்திருக்காரு.”

அந்தப் பொட்டி ஒரு கிட்டார் ஆம்ப். ஆம்ப்ளிஃபயர் என்பதைச் சுருக்கி அப்படித்தான் சொல்கிறார்கள். கிட்டாரிலிருந்து ஒரு வயரை இழுத்து அதில் செருகினால் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும். இந்தக் காலத்து ஆம்ப் அதோடு நிற்பதில்லை. எஃபெக்ட் என்று சில வித்தைகளையும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் ட்ரெமோலோ. சத்தத்தைக் கூட்டி, குறைத்து, கூட்டி, குறைத்து அலையடிக்க வைப்பது. அளவாக வைத்தால் தண்ணீரில் வெளிச்சம் ஆடுகிற மாதிரி இருக்கும். நான் கடைசி வரைக்கும் திருகிவிட்டேன். அதனால்தான் மந்திரி வந்துவிட்டார்.

யாருக்கு இந்த ஆம்ப்? என் மகள் ஜெனிக்கு.

ஜெனி ஒன்பதாவது படிக்கிறாள். மூன்று வருடமாகக் கிட்டார் வாசிக்கிறாள். பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் போகிற ஆலயத்தின் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நின்று பாடவும் செய்கிறாள். ஆனால் அவளுக்குப் பாட ஆசை இல்லை. கிட்டாரோடு முன் வரிசையில் உட்கார வேண்டும். அதுதான் ஆசை.

அதற்கு எஸ்தர் டீச்சர் மனது வைக்க வேண்டும். பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். பாட்டிலும் கணக்குதான் — கால் அட்சரம் தள்ளிப் பாடினாலும் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். போதும். அதற்கப்புறம் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

ஜெனி அவரிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

“கிட்டாரா? இருவது பேரு பாடறாங்க, கீபோர்டு வேற. அதுக்கு நடுவுல உன்ற கிட்டாரு கொசு கத்துற மாதிரியல்ல இருக்கும் அம்மணி?”

“சத்தமா வாசிக்கிறனுங்க டீச்சர்.”

“சத்தமா வாசிச்சுப்போட்டா பாட்டாயிடுமா?” பிறகு அவரே இறங்கி வந்திருக்கிறார். “சரி, அறுப்பின் பண்டிகைக்கு ஒரே ஒரு பாட்டு. நல்லா வந்துச்சுன்னா உனக்குக் கொயர்ல ஒரு சேரு. வல்லீனா, பத்தாவது பரிச்சை முடியற வரைக்கும் கிட்டாருங்கற பேச்சே எடுக்கப்படாது. மூணாவது வரிசை. சம்மதமா?”

ஒரே பாட்டு. மூன்று நிமிடம். தோற்றால் ஒன்றரை வருடம் கிட்டார் பைக்குள் போய்விடும். ஜெனி சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டில் ஒரு இட்லியை நாற்பது துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்துத்தான் நான் ஆம்ப் தேடக் கிளம்பினேன். சரவணம்பட்டியில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்த ஒரு ஐ.டி. தம்பியிடம் கிடைத்தது. மொபெட்டில் நான் ஓட்ட, ஜெனி பின்னால் உட்கார்ந்து அதைக் கைக்குழந்தை மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும், “அப்பா... மெதுவாங்ப்பா!”

அதில் மொத்தம் ஒன்பது நாப், அதாவது திருகுகிற குமிழ். கூடவே ஒரு மேனுவல். எட்டு மொழியில் அச்சடித்திருந்தார்கள், தமிழில் இல்லை. நானும் ஜெனியும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துப் புரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஹெலிகாப்டர் இறங்கினால் உதவும்.

முதல் நாப், ஆம்ப்பின் குணத்தைத் தேர்ந்தெடுக்க. கிளீன், கிரஞ்ச், லீட் என்று மூன்று குணம். கிளீன் என்றால் குளித்துத் தலை சீவிய பிள்ளை. கிரஞ்ச் என்றால் விளையாடிவிட்டு வந்த பிள்ளை. லீட் என்றால் சண்டை போட்டுவிட்டு வந்த பிள்ளை.

அடுத்து கெய்ன், வால்யூம். இரண்டும் ஒன்றுதானே என்று நானும் நினைத்தேன். இல்லை! வால்யூம் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். கெய்ன் அதன் தொண்டையைப் பிடிக்கும். கெய்னைக் கூட்டக் கூட்டக் குரல் கரகரக்கும், காலையிலிருந்து தெருத்தெருவாகத் தக்காளி விற்றவருக்குச் சாயங்காலம் கரகரக்குமே, அந்த மாதிரி. கரகரப்பு வேண்டுமா, கெய்ன். சத்தம் வேண்டுமா, வால்யூம்.

பிறகு பேஸ், மிடில், ட்ரெபிள். பேஸ் வயிற்றில் அதிரும். ட்ரெபிள் காதில் கிணுகிணுக்கும். மிடிலை யாரும் மதிப்பதில்லை. ஆனால் நிறையப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது கிட்டாரைக் கூட்டத்துக்கு வெளியே தலை தூக்கிக் காட்டுவது அந்த மிடில்தான். இதைக் கண்டுபிடித்தது ஜெனி. நான் இல்லை.

ஏழாவது நாப் எஃபெக்ட். ஒரே நாப்பில் மூன்று அறை. கொஞ்சம் திருகினால் கோரஸ் — ஒரு கிட்டார் மூன்று நான்கு கிட்டார் போலக் கேட்கும். உங்கள் அசெம்பிளியில் எல்லோரும் ஒரே பாட்டைக் கொஞ்சம் முன்னே பின்னே பாடுவீர்களே, அது. இன்னும் திருகினால் ஃபேஸர், சத்தம் சுழலும். அதையும் தாண்டினால் நம் ஹெலிகாப்டர்.

எட்டாவது டிலே. நீங்கள் வாசித்ததை அது கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லும். எவ்வளவு நேரம் கழித்து என்று சொல்ல, பக்கத்தில் ஒரு சின்ன பட்டன். பாட்டின் தாளத்துக்கு அதைத் தட்டிக் காட்டினால் புரிந்துகொள்ளும். தப்பாகத் தட்டினால் தப்பாகவே புரிந்துகொள்ளும்.

ஒன்பதாவது ரிவெர்ப்.

கண்ணுகளா, இந்த ஒன்பதாவது நாப்தான் என்னைக் கவிழ்த்தது.

ரிவெர்ப் என்றால், நீங்கள் சின்ன அறையில் வாசித்தாலும் பெரிய மண்டபத்தில் வாசிப்பது போலச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வால் வரும். ஜெனி ஒரு தந்தியைத் தட்டினாள். நான் அந்த நாப்பை மெதுவாகத் திருகினேன். பாதி தாண்டியதும் என் கை நின்றுவிட்டது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும்!

நான் வளர்ந்தது மதுக்கரையில். எதன் மேல் கை வைத்தாலும் சிமெண்ட் பொடி ஒட்டும். எனக்குப் பதினேழு வயது. பழனிச்சாமி என்று ஒரு கூட்டாளி. அவனுக்குக் குரல், எனக்குக் கிட்டார். கிட்டார் என்றால்... ஆலயத்து வாலிபர் குழுவின் மூலையில் கிடந்த ஒன்று. ஐந்து தந்திதான் இருந்தது. ஆறாவதுக்கு சைக்கிள் பிரேக் வயரில் ஒரு இழையைப் பிரித்துக் கட்டினேன். அதை மீட்டினால் நிஜமாகவே பிரேக் போட்ட மாதிரிதான் இருக்கும்.

ஆம்ப்பும் வைத்திருந்தோம்! ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவர், பழைய ரேடியோப் பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கரை வைத்துச் செய்து கொடுத்தது. இரண்டு நாப். ஒன்று சத்தத்துக்கு. இன்னொன்று ‘இனிமைக்கு’ என்று சொன்னார். ஒவ்வொரு பாட்டுக்கும் அந்த இனிமை நாப்பை நானும் பழனியும் அரை மணி நேரம் சண்டை போட்டுத் திருகுவோம்.

“கொஞ்சம் கொறைடா, ரொம்ப இனிக்குது.”

“நீ பாடறதுக்கு இன்னும் கூட்டோணும்டா.”

ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டி ரிப்பேர் ஆனது. திறந்து பார்த்தால் — இரண்டாவது நாப்பின் பின்னால் ஒரு வயர்கூட இல்லை. சும்மா அழகுக்கு ஒட்டி வைத்திருக்கிறார்! ஆனால் ஒன்று சொல்கிறேன், அதைத் திருகும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

ரிவெர்ப் எல்லாம் அந்தப் பெட்டியில் ஏது? அதற்கு எங்களிடம் வேறு ஏற்பாடு இருந்தது. குடிநீர்த் திட்டத்துக்காக ரோட்டோரம் பெரிய பெரிய சிமெண்ட் குழாய்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு நாள் மழைக்கு அதற்குள் ஒதுங்கினோம். பழனி ஒரு தும்மல் போட்டான். அது குழாய் முழுக்க உருண்டு போய், மறு வாசலைத் தொட்டு, மெத்தென்று திரும்பி வந்தது.

“டேய்... இதுக்குள்ள தும்முனாக்கூட ராகமா வருதுடா!”

அன்றிலிருந்து குழாய்தான் எங்கள் கச்சேரி மேடை. முதுகுக்குச் சில்லென்று சிமெண்ட். வட்டமாகத் தெரிகிற வெளிச்சம். அந்த வட்டத்தில் ரோட்டில் போகிற லாரி, எருமை, பால்காரர். பிரேக் வயர் தந்திகூட அதற்குள் கோயில் மணி மாதிரி ஒலித்தது. இரண்டு மாதம். பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால் குழாய்களைக் குழியில் இறக்கி மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ரிவெர்ப் மேல் தார் ரோடு வந்துவிட்டது.

பழனி திருப்பூருக்குப் போனான். நான் ஐ.டி.ஐ. முடித்து, இங்கே ஒரு பம்பு கம்பெனியில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் வருடமே லேத் மெஷினில் இடது கை மோதிர விரல் நுனி நசுங்கியது. அந்த விரலால் தந்தியை அழுத்த முடியாது. கிட்டார் அப்படியே போயிற்று. பழனியும் இப்போது பாடுவதில்லை. தினமும் காலையில் ரோஜாப் பூப் படம் போட்டு குட்மார்னிங் அனுப்புவதோடு சரி.

இத்தனை வருடம் கழித்து, எங்கள் ஹால் தரையில், ஒரு நாப்பின் பாதிச் சுற்றில்... அந்தக் குழாய்!

ஜெனி வாசித்ததை உடனே போனில் பதிவு பண்ணி பழனிக்கு அனுப்பினேன். கூடவே டிலேயையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன் — அந்தக் குழாயில் சத்தம் திரும்பி வருமே, அதற்காக. இரண்டே நிமிடத்தில் அவன் குரல் வந்தது. ரோஜாப் பூ இல்லை, குரல்!

“டேய்... கொழாய்டா! எங்கடா புடிச்ச?” பிறகு, “அதை மாத்திப்போடாத. அப்படியே வையி.”

மாற்றுவேனா?

இங்கே என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கம்பெனியில் செட்டர். மெஷினை ஒரு பாகம் செய்வதற்குச் சரியாக அமைத்துக் கொடுப்பவன்தான் செட்டர். முதல் பாகம் அளவு சரியாக வந்ததும் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். நாப்பின் மேலும் அதன் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு விலகியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோடு போட்ட நாப்பைச் செட்டரைத் தவிர எவரும் தொடக் கூடாது. மேனேஜரே தொட மாட்டார். இருபத்திரண்டு வருடமாக நான் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் மஞ்சள் பெயிண்ட் இல்லை. மெர்சியின் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது.

“ஏனுங்க, என்ற நெயில் பாலிஷை எடுத்துப் பொட்டிக்குப் பூசறீங்களே... கல்யாணமாகி பதினாறு வருசத்துல எனக்கு ஒரு நாளாச்சும் பூசி உட்டிருக்கீங்களா?”

நான் காதில் வாங்கவில்லை. ஒன்பது நாப்புக்கும் ஒன்பது கோடு. போதாதென்று குறுக்கே செல்லோ டேப் ஒட்டினேன். இரண்டு சுற்று.

ஜெனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்பா... இது நல்லாத்தானுங்ப்பா இருக்குது. ஆனா என்ற பாட்டுக்கு வேண்டாம்ங்ப்பா. அது வேகமான பாட்டு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்.”

“ஒண்ணும் ஏறாது.”

“ஊட்டுல கேக்கறது வேற. அங்க ஆலயத்துல வேற மாதிரி கேக்கும்ங்ப்பா.”

“அம்மணி, இருவத்திரண்டு வருசமா செட்டிங் போடறவன் நானு. எங்க கொண்டுபோய் வெச்சாலும் மெஷின் மெஷின்தான்.”

“இது பம்பு இல்லீங்ப்பா...”

“கோடு போட்டாச்சு. கை வெக்கப்படாது.”

“சரிங்ப்பா” என்றாள். அந்தச் ‘சரிங்ப்பா’வில் சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு ஆம்ப் போகவில்லை. “பொட்டி நாளைக்கே வரட்டும்” என்று எஸ்தர் டீச்சர் சொல்லிவிட்டார். எனக்கும் அது வசதி. வழியில் குலுங்கி ஒரு கோடு விலகிவிட்டால்?

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து நன்றி சொல்கிற நாள். தூணுக்குத் தூண் கரும்பும் வாழைக்குலையும் கட்டியிருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் பூசணி, தேங்காய், சோளக்கதிர். எங்கள் ஊரில் இப்போது வயலைவிட ஒர்க்‌ஷாப்தானே அதிகம்? அதனால் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு அரை ஹெச்.பி. மோட்டார், நாலு பேரிங், யாரோ தைத்த தலையணை உறை. எல்லாம் விளைச்சல்தான்.

எங்கள் ஆலயம் புதிதாகக் கட்டியது. நல்ல உயரமான கூரை. வழவழவென்று டைல்ஸ். மூன்றாவது பெஞ்சில் நான். பழனிக்கு அனுப்புவதற்காகப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

எஸ்தர் டீச்சர் தலையசைத்தார். ஜெனி முதல் தட்டு தட்டினாள்.

என்ன சொல்ல! ஒரே ஒரு தட்டு, கூரை வரைக்கும் எழுந்து, மெதுவாக இறங்கியது. முன் பெஞ்சுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் மெர்சியைத் திரும்பிப் பார்த்தேன். ‘எப்படி?’ என்ற பார்வை.

பிறகு பாட்டு வேகம் எடுத்தது.

முதல் தட்டு அடங்குவதற்குள் இரண்டாவது. இரண்டாவது அடங்குவதற்குள் மூன்றாவது. அதற்குள் டிலே வந்து முதலாவதைத் திருப்பிச் சொல்கிறது. நான் போட்ட ரிவெர்ப் ஒரு பக்கம், கூரையும் டைல்ஸும் தங்கள் பங்குக்கு இன்னொரு பக்கம்... எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கூழ் மாதிரி ஆகிவிட்டது. பாடகர் குழுவில் பாதிப் பேர் கிட்டாரோடு பாடினார்கள். மீதிப் பேர் அதன் எதிரொலியோடு பாடினார்கள். கை தட்டிக்கொண்டிருந்த பொடிசுகள் எங்கே தட்டுவதென்று தெரியாமல் கையைக் கீழே போட்டார்கள்.

எஸ்தர் டீச்சர் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. ரிவெர்ப் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பாடியது.

கண்ணாடிக்கு மேலே அந்தப் பார்வை. பிறகு மெதுவாக நடந்து ஆம்ப் சுவிட்சுக்கு அருகே போனார்.

“பரவால்ல அம்மணி. நாம கீபோர்டுல பாடிக்கலாம்.”

ஜெனியின் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றரை வருடம்! இட்லி நாற்பது துண்டு! எல்லாம் அந்த ஒரு சுவிட்சில் இருந்தது.

“டீச்சர்... பத்தே செகண்டுங்க. ப்ளீஸ்ங்க.”

டீச்சரின் விரல் சுவிட்ச் மேலேயே நின்றது.

ஜெனி என்னைப் பார்த்தாள்.

கண்ணுகளா, நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘திருகு அம்மணி’ என்று தலையாட்டியிருக்க வேண்டும். ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா? மெஷின் சத்தத்தில் பேச முடியாது என்பதற்காகக் கம்பெனியில் நாங்கள் ஒரு சைகை வைத்திருக்கிறோம். உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து, பக்கவாட்டில் ஒரு வெட்டு. ‘கை வைக்காதே’ என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் கை தானாக எழுந்து அதைச் செய்தது! முன்னூறு பேர் நடுவில், என் சொந்த மகள் தவித்துக்கொண்டு நிற்கும்போது.

ஜெனி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

சர்ர்ர்ர்ர்ரக்!

பாடகர் குழுவின் மைக் பக்கத்திலேயே இருந்தது. செல்லோ டேப் கிழிகிற சத்தம் ஆலயம் முழுக்கக் கேட்டது. யாரோ ஒரு குழந்தை கெக்கேக்கே என்று சிரித்தது.

டிலே பூஜ்யம். ரிவெர்ப் பூஜ்யம். கெய்னைக் குறைத்தாள். மிடிலை ஒரு கால் சுற்றுக் கூட்டினாள். ஒன்பது கோட்டில் நாலு விலகிவிட்டது. ஒரு முறை மட்டும் தட்டிப் பார்த்தாள். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்து, அந்தச் சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்தாள். டீச்சரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

டீச்சரின் விரல் சுவிட்சிலிருந்து விலகியது.

இப்போது கிட்டார் வெறும் கிட்டாராகக் கேட்டது. எந்த அலங்காரமும் இல்லை. ஒவ்வொரு தட்டும் தனித்தனி. அதற்கு வேண்டிய வாலை அந்தக் கட்டடமே, கேட்காமலேயே, போட்டுக் கொடுத்தது. இருபது பேர் பாடும்போதும் அந்த மிடில் தலை தூக்கி நின்றது. பொடிசுகள் கை தட்ட ஆரம்பித்தார்கள். இந்த முறை எங்கே தட்டுவதென்று எல்லோருக்கும் தெரிந்தது.

நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

எனக்குத் தெரியாததா இது? கம்பெனியிலேயே, காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது போட்ட செட்டிங், சூடேறியதும் ஒரு முடியளவு தள்ளிப்போகும். மத்தியானம் மறுபடி அளந்து திருத்துவோம். இடத்துக்கும் நேரத்துக்கும் தகுந்த மாதிரி மாற்றத்தான் நாப் என்று ஒன்றே இருக்கிறது. இதைத் தினமும் செய்கிறவன் நான். ஆனால் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து திருகியது செட்டர் இல்லை. குழாய்க்குள் உட்கார்ந்திருந்த ஒரு பதினேழு வயதுக்காரன். அவனுக்கு வேண்டிய சத்தத்தை வைத்துவிட்டு, அதற்கு என் மகளின் பேரைச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது பெரியவர்கள் இப்படிச் செய்வார்கள். நீங்கள் இதைத்தான் படிக்க வேண்டும், இந்த விளையாட்டைத்தான் விளையாட வேண்டும் என்று கோடு போட்டு டேப்பும் ஒட்டுவார்கள். அவர்கள் மேல் ரொம்பவும் கோபப்படாதீர்கள். அவர்கள் காதில் ஏதோ ஒரு பழைய சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் டேப்பைப் பிய்க்க வேண்டிய நேரம் வந்தால்... முதலில் ஒரு முறை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜெனி கேட்டாள். அதற்கப்புறம்தான் பிய்த்தாள்.

ஆராதனை முடிந்ததும் ஜெனி என்னிடம் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டே, “கோவமாங்ப்பா?” என்றாள்.

“இல்ல கண்ணு. அந்த மிடிலை எவ்வளவு கூட்டுன?”

“கால் சுத்து.”

“அரை கூட்டியிருக்கலாம்.”

“வேண்டாம்ங்ப்பா. கால்தான் சரி.”

“சரிங்க அம்மணி” என்றேன். என் சரியில் முழுச் சம்மதம் இருந்தது.

அப்போது எஸ்தர் டீச்சர் கையில் ஒரு சுரைக்காயோடு எங்களைத் தாண்டிப் போனார். போனவர் நின்றார். ஜெனி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நானும்தான்.

“ஏய் அம்மணி. அடுத்த வாரம் முன்னாடி ஒரு சேரு போடச் சொல்றேன். பொட்டியையும் கொண்டாந்துரு.”

ஜெனி குதிக்கவே குதித்துவிட்டாள். டீச்சர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“ஏந்தம்பி, நீங்க மட்டும் அந்தப் பொட்டிக்கு எட்ட உக்காந்துக்கோங்க.”

அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு தந்திகூட விடாமல் கேட்கிறது!